தற்காலிகக் கோப்புகளும் அவற்றைத் தாமே நீங்கச் செய்யும் முறையும்

வீடு கட்டுவோர் முதற்கண் சாரம் கட்டுவர். சவுக்குக் கழிகளை நட்டுக் கயிற்றாற் பிணித்து, அவற்றின்மேல் நின்று சுவரெழுப்புவர். தளம் இடுங்கால் அதன் அடியிற் பலகையும் முட்டும் கொடுப்பர். சாரமின்றி வீடு எழாது. ஆயினும் புதுமனை புகும் நாளிலும் அச்சாரம் அவிழ்க்கப்படாது நிற்குமாயின், அவ்வீடு முடிந்ததென்று எவரும் கூறார். கணினியின்கண்ணும் இத்தகைய சாரங்கள் உண்டு. அவற்றையே தற்காலிகக் கோப்புகள் என்றும் தற்காலிகக் கோப்புறைகள் என்றும் வழங்குகின்றோம். அவை எதன்பொருட்டுத் தோன்றுகின்றன, ஏன் நீங்காது எஞ்சுகின்றன, அவற்றை நீக்குங் கடமையை நிரலினிடமே ஒப்புவித்தல் எங்ஙனம் என்பவற்றை, எமக்கு நேர்ந்த ஒரு சிற்றனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரையில் எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

சென்னை சென்ட்ரலினின்றும் அரக்கோணம் மார்க்கமாய்ச் செல்லும் புறநகர் வண்டி, திருநின்றவூரைக் கடந்ததும் அடுத்து நிற்கும் நிலையம் வேப்பம்பட்டு. இவ்வூரார் பலர் கிழக்கே ஆவடிக்கும் அம்பத்தூருக்கும், மேற்கே திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் நாள்தோறும் வேலைக்குச் சென்று மீள்பவர். நிலையத்திற்கு அணித்தாய் ஒரு சிறு கணினிக் கடை உளது. காகிதங்களுக்கு நகல் எடுத்தல், அவற்றை ஸ்கேன் செய்தல், கல்லூரிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் சான்றிதழ்களுக்கும் இணையவழி விண்ணப்பித்தல் ஆகிய இவையே அக்கடையின் தொழில். விண்ணப்பங்களிற் சேர்க்கப்படும் படங்கள் இத்தனை கிலோபைட்டுக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு படத்தையும் கையாற் சுருக்குவது கடைக்காரருக்குப் பெருந்தொல்லையாயிருந்தது. அவர் வேண்டிக்கொண்டபடி யாம் மூவர் சேர்ந்து பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தோம். அது ஸ்கேன் செய்த படங்களை ஏற்று, கோணலைத் திருத்தி, அளவைச் சுருக்கி, ஒரே பி.டி.எஃப். கோப்பாய்ச் சேர்த்துத் தரும்.

அந்நிரல் ஓராண்டுக் காலம் குறையின்றி உழைத்தது. அல்லது குறையின்றி உழைத்ததாய் யாம் எண்ணியிருந்தோம். கல்லூரிச் சேர்க்கைக்காகக் கடையிற் கூட்டம் மிகுந்திருந்த ஒரு ஜூன் மாதத்து முற்பகலில், வட்டில் இடமில்லை என்று அறிவித்துக் கணினி நின்றுபோயிற்று. வாயிலில் மாணவரும் பெற்றோரும் காத்திருந்தனர். அவருட் சிலருக்கு அன்றே கடைசி நாள். யாம் விரைந்து சென்று பார்த்தபொழுது, தற்காலிகக் கோப்புறைகள் தங்குமிடத்தில் எமது நிரல் படைத்த கோப்புறைகள் பல நூறு குவிந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றைத் திறந்தோம். யாரோ ஒரு மாணவியின் மதிப்பெண் பட்டியல். அதனையடுத்து அவள் தந்தையின் ஆதார் அட்டை. பின்னர்ச் சாதிச் சான்றிதழ். மற்றொன்றைத் திறந்தோம். அதனுள்ளும் வேறொரு குடும்பத்தின் காகிதங்களே.

கடைக்காரர் எம் பின்னே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபித்திலர். “தம்பி, என்னை நம்பிக் கொடுத்த காகிதங்கள் இவை. அவரவர் கையிலே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தேன்” என்று மட்டுமே கூறினார். அச்சொல் எம்மை நாணச் செய்தது. இடமில்லாமற்போன குறையைக் கால் மணி நேரத்தில் தீர்த்துவிட்டோம். திருப்பிக் கொடுத்ததாய் எண்ணியது திரும்பாதிருந்த குறையோ அங்ஙனம் எளிதில் தீர்வதன்று. அக்குறை எவ்வாறு நேர்ந்ததென ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

முதற்கண், தற்காலிகக் கோப்பு எதற்கு வேண்டும் என்பதைக் காண்பாம். காரணங்கள் பெரும்பாலும் மூன்று. கையாளும் பொருள் கணினியின் நினைவகத்தில் அடங்காத அளவிற் பெரிதாயிருப்பின், அதனைப் பகுதி பகுதியாய் வட்டில் எழுதிவைத்துப் பின்னர்ச் சேர்க்கவேண்டும், இது முதலாவது. ஒரு நிரல் தான் செய்த பொருளை மற்றொரு நிரலிடம் ஒப்படைக்க வேண்டுங்கால், அம்மற்றொன்று கோப்பின் பெயரையன்றி வேறெதனையும் ஏலாதாயின், இடையே ஒரு கோப்பைப் படைத்தல் வேண்டும், இஃது இரண்டாவது. மூன்றாவது, பாதுகாப்பின்பொருட்டு. ஒரு கோப்பைத் திருத்துங்கால் அதன்மேலேயே எழுதத் தொடங்கினால், இடையில் மின்சாரம் நின்றுவிடின் பழையதும் போய்ப் புதியதும் முற்றுப்பெறாது கெடும். ஆதலின் அறிவுடைய நிரலர் புதியதைத் தற்காலிகக் கோப்பொன்றில் முழுதும் எழுதி, அது முடிந்தபின்னரே அதற்குப் பழையதன் பெயரைச் சூட்டுவர். ஆகவே தற்காலிகக் கோப்பு என்பது வெறுங் குப்பையன்று. வேலை நடைபெறுங்கால் அஃது இன்றியமையாதது. வேலை முடிந்தபின்னும் எஞ்சுவதே குப்பையாம்.

எஞ்சுவதால் விளையும் கேடு யாது? இடம் அடைபடுதல் கண்கூடு. இடம் அடைபடுதலென்பது கடைக்கணினி ஒன்றுக்கே நேரும் சிறு தொல்லை என்று கருதற்க. 2004ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஸ்பிரிட் என்னும் ஊர்தி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிற்று. இறங்கிய மூன்று வாரத்துள், ஜனவரி 21ஆம் நாள், அதனோடு ஒழுங்கான தொடர்பு அற்றுப்போயிற்று. காரணத்தை ஆராய்ந்த பொறியியலார், ஏறத்தாழ ஏழு திங்கள் நீடித்த வான்பயணத்தின்போது சேர்ந்த கோப்புகள் நீக்கப்படாது நிலைநினைவகத்திற் பெருகியிருந்தமையைக் கண்டனர். அத்துணைக் கோப்புகளின் அட்டவணையையும் ஏற்றுதற்கு ஊர்தியின் நினைவகம் போதவில்லை. ஆதலின் அதன் கணினி தொடங்குவதும் தடுமாறி நிற்பதும் மீண்டும் தொடங்குவதுமாய் அறுபது முறைக்கு மேல் அலைக்கழிந்தது. நிலைநினைவகத்தைத் தீண்டாமலே தொடங்குமாறு பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, பின்னர் வேண்டாக் கோப்புகளை நீக்கி, இறுதியில் அந்நினைவகத்தையே புதுக்கியமைத்து ஊர்தியை மீட்டனர். 90 செவ்வாய் நாட்களுக்கென அனுப்பப்பட்ட அவ்வூர்தி 2010ஆம் ஆண்டுவரை செய்தி அனுப்பிற்று. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நிற்கும் ஓர் இயந்திரத்தை முடக்கியது பாறையுமன்று, புழுதியுமன்று. உரிய காலத்தில் நீக்காது விட்ட கோப்புகளேயாம்.

மற்றொரு கேடு, பிறர் மறைபொருள் எஞ்சுதல். இது வட்டு நிரம்புமளவும் கண்ணுக்குப் புலப்படாதாகலின் முன்னதினும் கொடிது. 2023ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்நோக்கத்திற்காகத் தரவு பெறப்பட்டதோ அந்நோக்கம் முடிந்தபின் அதனை அழித்துவிடல் வேண்டுமென்னும் கடமையைக் கூறுகின்றது. சட்டம் கூறாவிடினும், ஒருவர் நம்பிக் கொடுத்ததை அவர் அறியாது வைத்திருத்தல் முறையன்று என்பதை யார்தாம் மறுப்பர்?

நிற்க. எமது நிரலில் நேர்ந்த பிழை யாதெனின், அந்நிரல் ஏழு படிகளாய் அமைந்திருந்தது. தற்காலிகக் கோப்புறையைப் படைத்தல், படங்களை அதனுட் கொணர்தல், கோணல் திருத்தல், சுருக்குதல், ஒன்றாய்ச் சேர்த்தல், உரிய இடத்திற் சேமித்தல், இறுதியிற் கோப்புறையை நீக்குதல் என்பன அப்படிகள். ஏழாவது படியை எழுதியிருந்தோமாதலின் எம் கடமை முடிந்ததென்று மகிழ்ந்திருந்தோம். ஆனால் ஏழாவது படி நிகழவேண்டுமாயின் முன்னை ஆறும் தவறாது நிகழ்தல் வேண்டுமே! ஸ்கேன் செய்த படமொன்று பழுதுபட்டிருப்பின் மூன்றாம் படியிலேயே நிரல் பிழைகூறி நின்றுவிடும். நீக்கும் வரியை எட்டாது. கடைக்காரர் மீண்டும் முயல்வார். மீண்டும் ஒரு கோப்புறை தோன்றி எஞ்சும். இதுவன்றி, படம் முன்னரே சிறிதாயிருந்தால் வேலையின்றித் திரும்பிவிடுமாறு இடையில் ஒரு வாயிலும் வைத்திருந்தோம். அவ்வாயில் வழியே வெளியேறிய ஒவ்வொரு முறையும் கோப்புறை உள்ளேயே கிடந்தது. வீட்டிற்கு வாயில்கள் பலவாயிருக்க, ஒரு வாயிலில் மட்டும் காவல் வைத்தவர் போலாயினோம்.

இதற்கு முதல் மருந்து, எவ்வழியால் வெளியேறினும் இதனைச் செய்துவிட்டே போதல் வேண்டும் என்று நிரலுக்கு விதிப்பதாம். ‘பைனலி’ என்னும் சொல்லால் பைத்தான், ஜாவா முதலிய மொழிகள் பலவும் இவ்விதியை அமைக்க இடந்தருகின்றன. முயற்சி வெற்றியாயினும், பிழையால் முறியினும், இடையில் திரும்பினும் அச்சொல்லின் கீழுள்ள பகுதி நிகழ்ந்தே தீரும். ஆயினும் இதிலும் ஒரு குறை உண்டு. படைக்கும் வரி ஓரிடத்தும் நீக்கும் வரி பிறிதோரிடத்துமாய்ப் பிரிந்து நிற்றலின், நிரலர் மறந்தால் மறந்ததே. புதிதாய் ஓரிடத்தில் கோப்புறை படைப்பவர் அங்கெல்லாம் நீக்கும் வரியையும் நினைந்து எழுதவேண்டும்.

ஆதலின் இரண்டாவது மருந்து மேலானது. அது, படைத்தலையும் நீக்கலையும் ஒரே பொருளின்கண் பிணித்துவிடுவது. பைத்தான் மொழியில் 2006ஆம் ஆண்டு வெளிவந்த 2.5ஆம் பதிப்பில் ‘வித்’ என்னும் தொடரமைப்பு சேர்க்கப்பட்டது. அதன்கீழ் வரும் பொருள் ஒவ்வொன்றும் இரண்டு கடமைகளை உடையதாயிருத்தல் வேண்டும். ஒன்று புகுங்கால் செய்வது, மற்றொன்று வெளியேறுங்கால் செய்வது. 2011ஆம் ஆண்டின் 3.2ஆம் பதிப்பில் ‘டெம்ப்ஃபைல்’ என்னும் நூலகத்துள் ‘டெம்பரரி டைரக்டரி’ என்பதும் வந்து சேர்ந்தது. இதனை ‘வித்’தின் கீழ் எழுதினால், அப்பகுதிக்குள் புகும்போது ஒரு புதிய கோப்புறை தோன்றும்; அப்பகுதியை விட்டு எவ்வாறு வெளியேறினும், அக்கோப்புறையும் அதனுள் இருப்பன யாவும் நீங்கும். நீக்குதற்கென்று நிரலர் தனியே ஒரு வரியும் எழுதவேண்டுவதில்லை. எழுதாததனை மறத்தற்கும் வழியில்லை. எமது நிரலில் ஏழாம் படியை அடித்துவிட்டு முதற்படியை இவ்வாறு மாற்றினோம். நீக்கும் வரி ஒழிந்தபின்னரே நீக்கம் உறுதிப்பட்டது.

பிற மொழிகளிலும் இக்கருத்தே வெவ்வேறு உருவில் வழங்குகின்றது. சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு பொருள் தன் எல்லையை விட்டு நீங்குங்கால் அதன் அழிப்பான் தானே இயங்கும். கோப்புறையை அப்பொருளின் உடைமையாக்கிவிட்டால் போதும். ஜாவா மொழியின் 7ஆம் பதிப்பில், 2011ஆம் ஆண்டு, முயற்சித் தொடரோடு வளங்களைச் சேர்த்து எழுதி அவை தாமே மூடப்படுமாறு செய்யும் முறை வந்தது. கோ மொழியில் ‘டிஃபர்’ என்னும் சொல்லால், செயற்கூறு முடியுங்கால் செய்யவேண்டுவதைப் படைத்த வரிக்கு அடுத்த வரியிலேயே எழுதிவைக்கலாம். யூனிக்ஸ் கட்டளைக் கோவைகளில் ‘ட்ராப்’ என்னும் கட்டளை அப்பணியைச் செய்யும். பெயர்கள் பலவாயினும் நெறி ஒன்றே: நீக்குங் கடமை முடிவில் நினைக்கப்படுவதன்று, படைக்கும் கணத்திலேயே ஏற்கப்படுவது.

இவ்விடத்து மற்றொரு நுட்பம் கூறுதல் அவசியம். எமது மாற்றத்தின் பின்னரும் ஒரு முறை கோப்புறை நீங்க மறுத்தது. விண்டோஸ் இயங்குதளத்தில், ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீக்க முயன்றால் பெரும்பாலும் அனுமதி கிடையாது. யாம் படத்தைத் திறந்தோம், மூட மறந்தோம், அதனைத் தாங்கிய கோப்புறை எவ்வாறு நீங்கும்? படத்தைத் திறப்பதையும் உள்ளே மற்றொரு ‘வித்’தின் கீழ் அமைத்தோம். உள்ளிருப்பது முதலில் மூடப்படும். வெளியிருப்பது பின்னர் நீங்கும். கடைசியில் ஏற்றிய மூட்டையை முதலில் இறக்குவது போல, படைத்த முறைக்கு எதிர்முறையாய் நீக்குதலே என்றும் ஒழுங்காகும்.

இனி, இதனினும் வியக்கத்தக்க முறை ஒன்று உளது. தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலையில் ஸ்தபதியார் செப்புத் திருமேனி வார்க்கும் முறையை நம்மிற் பலர் அறிவோம். முதலில் மெழுகால் உருச்செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறும். அது விட்ட வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். சாரத்தைப் பிரிக்க ஓர் ஆள் வேண்டும். மெழுகு நீங்குவதோ வார்ப்புத் தொழிலின் ஓர் அங்கமேயாம். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இதற்கு ஒப்பானதொரு வழக்கம் உண்டு. அங்கே கோப்பின் பெயர் வேறு, கோப்பின் உள்ளடக்கம் வேறு. ஒரு நிரல் கோப்பைத் திறந்த உடனே அதன் பெயரை அழித்துவிடலாம். பெயர் மறைந்தபின்னும், திறந்த நிரல் அதில் எழுதலாம், படிக்கலாம். அந்நிரல் அதனை மூடியதும், அல்லது எக்காரணத்தாலேனும் அந்நிரலே மாய்ந்ததும், உள்ளடக்கம் இருந்த இடத்தை இயங்குதளம் தானே மீட்டுக்கொள்ளும். நிரல் வலிந்து கொல்லப்பட்டாலும் பெயருடைய எச்சம் ஒன்றும் நில்லாது. இம்முறை ஒரு தனிக் கோப்புக்கே ஏற்றது. பல கோப்புகள் நிறைந்த கோப்புறைக்கு ஏலாது.

பெயரைப்பற்றியும் சில சொல்லவேண்டும். தற்காலிகக் கோப்புகள் பலர்க்கும் பொதுவான இடத்தில் தோன்றுவன. அவற்றிற்கு எளிதில் ஊகிக்கத்தக்க பெயரை இட்டால், தீயவன் ஒருவன் அப்பெயரை முந்திக்கொண்டு தானே ஒரு போலி இணைப்பை அங்கு வைத்துவிடக் கூடும். நமது நிரல் அறியாது அதன் வழியே பிறிதொரு கோப்பைக் கெடுக்கும். பெயரை முதலில் ஆய்ந்து, கோப்பைப் பின்னர்ப் படைத்தலால் இடையில் விளையும் இடைவெளியே இத்தீங்கிற்கு வாயில். இக்காரணம்பற்றியே பைத்தானில் பெயரை மட்டும் தரும் பழைய செயற்கூறு 2.3ஆம் பதிப்பு முதல், அதாவது 2003ஆம் ஆண்டு முதல், விலக்கத்தக்கதென அறிவிக்கப்பட்டுள்ளது. இக்காலச் செயற்கூறுகள் ஊகிக்கவொண்ணாப் பெயரைத் தெரிந்து, அக்கணமே படைத்து, படைத்தவரையன்றிப் பிறர் புகாதவாறு உரிமையையும் வரையறுக்கின்றன. தாமே பெயர் புனைந்து கோப்புறை படைக்கும் வழக்கத்தை மாணவர் கைவிடுதல் நன்று.

இத்துணைக் காவலும் போதுமா எனின், போதா. ஓடிக்கொண்டிருக்கும் நிரலே தன் எச்சத்தை நீக்கவல்லது; மின்சாரம் சட்டென நின்றால் நிரலும் நின்றது, அதன் கடமையும் நின்றது. யூனிக்ஸ் மரபில் ‘கில்’ என்னும் கட்டளையின் 9ஆம் குறி ஒரு நிரலை விடைபெறவும் விடாது மாய்க்கும். அதனைத் தடுத்துத் தூய்மை செய்ய எந்நிரலாலும் இயலாது. கோ மொழியில் ‘எக்ஸிட்’ என்னும் செயற்கூற்றால் நிரலை நேரே முடித்தாலும் ‘டிஃபர்’ செய்யப்பட்டவை நிகழா. ஆதலின் இரண்டாவது காவலாய், வெளியிலிருந்து பெருக்குவோர் ஒருவர் வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளங்களில் இவ்வேலையை இயங்குதளமே ஏற்கின்றது. அங்கே ‘டெம்ப்’ என்னும் பொது அடைவு ஒன்று உளது. அதில் யாவரும் எழுதலாம். ஆயினும் ஒட்டுக்குறி எனப்படும் ஓர் அனுமதிக்குறியால், சாதாரணமாய் ஒருவர் படைத்ததை மற்றொரு பயனர் நீக்கவியலாதவாறு காக்கப்பட்டுளது. சிஸ்டம்-டி என்னும் அமைப்பின் இயல்பான விதிப்படி, இவ்வடைவில் 10 நாட்களாய்த் தீண்டப்படாதவை நீக்கப்படும். ‘வார்’ அடைவின் கீழுள்ள தற்காலிக இடத்திற்கோ 30 நாள் தவணை. 2025ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பு, ‘டெம்ப்’ அடைவை வட்டில் வையாது நினைவகத்திலேயே வைப்பதை இயல்பாக்கிற்று. கணினி நின்றால் அதிலுள்ளவையும் இல்லையாம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் இந்திய மொழிகளுக்கென ஆக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாய்க் கொண்டதே. விண்டோஸிலோ, கணினியை நிறுத்தித் தொடங்கியமாத்திரத்தில் பயனரின் தற்காலிகக் கோப்புறை தானே காலியாகிவிடுவதில்லை. 10ஆம் பதிப்பு முதல் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ என்னும் வசதி அவ்வேலைக்கு உதவுகின்றது. ஆதலின் கடைக்கணினியில், எமது நிரல் ஒவ்வொரு முறை தொடங்குங்காலும், தனக்கென வகுத்த ஒரே அடைவினுள் நோக்கி, தன் அடையாளத்தோடு தொடங்கும் பெயரையுடையதும் ஒருநாளைக்கு மேற்பட்டதுமாகிய கோப்புறை இருப்பின் அதனை நீக்குமாறு செய்தோம். ஒருநாள் தவணை எதற்கெனின், பக்கத்துச் சாளரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் மற்றொரு வேலையின் கோப்புறையைக் குப்பையென்று மயங்கி நீக்கிவிடாதிருத்தற்கு.

பெருக்குவோர் எச்சரிக்கையும் உடையவராதல் வேண்டும். 2015ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் ஒரு பெரும்பிழை வெளியாயிற்று. அதன் கட்டளைக் கோவையில், இன்ன அடைவின் கீழுள்ள யாவற்றையும் நீக்குக என்று ஒரு வரி இருந்தது. அவ்வடைவின் பெயரைத் தாங்கிய மாறி ஒரு சமயம் வெறுமையாய்ப் போகவே, கணினியின் மூல அடைவின் கீழுள்ள யாவற்றையும் நீக்குக என்று அவ்வரி பொருள்பட்டது. பயனர் தம் சொந்தக் கோப்புகளையும் இழந்தனர். ஆதலின், நீக்குதற்குமுன் இஃது யாம் படைத்ததுதானா என்று உசாவி, ஐயம் சிறிது உண்டாயினும் நீக்காது விடுதலே அறிவுடைமை. தானே படைத்ததைத் தானே நீக்கும் ‘வித்’ போன்ற முறைகளின் பெருமை இங்கும் விளங்கும். அவை பெயரை ஊகித்துத் தேடுவதில்லை. தாம் படைத்ததை முதலிலிருந்தே அறிந்திருக்கின்றன.

மற்றொன்றும் மறைக்கத்தக்கதன்று. கோப்பை நீக்குதல் என்பது, பொதுவாய் அதன் பெயரையும் இடக்குறிப்பையும் நீக்குதலே. எழுத்துக்கள் இருந்த இடத்தின்மேல் வேறெழுத்து வருமளவும் அவை வட்டில் எஞ்சியிருத்தல் கூடும். வல்லார் சிலர் அவற்றை மீட்கவுங் கூடும். ஆதலின் பிறர் காகிதங்களைக் கையாளும் கணினியில், வட்டு முழுவதையும் மறைக்குறியீடு செய்துவைத்தல் தக்கது. அவ்வாறு செய்தபின், திறவுகோல் இன்றி வட்டை எடுத்துச் செல்பவனுக்கு எஞ்சியவையும் பொருள்படா.

பிழையை ஆராயுங்கால் தற்காலிகக் கோப்பு இருந்தால்தானே காரணம் விளங்கும், உடனே நீக்கிவிட்டால் எங்ஙனம் ஆராய்வது என்று வினவலாம். நியாயமான வினாவே. பைத்தானின் 3.12ஆம் பதிப்பில், 2023ஆம் ஆண்டு முதல், நீக்கவேண்டா என்று நிரலர் வெளிப்படையாய்க் கூறுதற்கு வழி வைத்துள்ளனர். இங்கும் நெறி பிறழவில்லை என்பதை நோக்குக. நீக்குதல் இயல்பாகவும், வைத்திருத்தல் கேட்டுப் பெறும் விலக்காகவும் அமைந்தன. எமது பழைய நிரலில் இது தலைகீழாய் இருந்தது; வைத்திருத்தல் இயல்பாயும், நீக்குதல் தற்செயலாயும் இருந்தன.

திருத்திய நிரலைக் கொண்டு கடைக்குச் சென்ற அன்று, கடைக்காரர் தாமே ஒரு சோதனை செய்தார். வேண்டுமென்றே பழுதுபட்ட படமொன்றைக் கொடுத்தார், நிரல் பிழைகூறி நின்றது, தற்காலிக அடைவைத் திறந்து பார்த்தார், ஒன்றுமில்லை. பின்னர், வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே மின்விசையை அணைத்துவிட்டார். மீண்டும் தொடங்கியபொழுது ஒரு கோப்புறை எஞ்சியிருந்தது. “இது?” என்றார். நாளை இந்நேரத்திற்குப் பின் நிரலைத் திறந்தால் அது போய்விடும் என்றோம். மறுநாள் மாலை தொலைபேசியில் அழைத்து, “போய்விட்டது, தம்பி” என்றார்.

மாணவ நண்பர்களுக்கு யாம் கூறவிரும்புவது இதுவே. நிரல் எழுதப் புகுவோர், வேலை முடிவதையே முடிவெனக் கருதுகின்றோம், பி.டி.எஃப். கோப்பு வந்துவிட்டால் வென்றோம் என்கின்றோம். வெற்றியடைந்த நாளில் நிரல் எவ்வாறு ஒழுகுகின்றது என்பது மட்டும் போதாது. தோல்வியுற்ற நாளில் அது பிறர் பொருளை எவ்விடத்து விட்டுச் செல்கின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். கோப்புறை ஒன்றைப் படைக்கும் வரியை எழுதுங்கால், கையை எடுக்குமுன், இதனை நீக்குபவர் யார் என்று ஒருமுறை வினவுக. அதற்கு விடை அவ்வரியிலேயே இருக்குமாறு எழுதுக. வேப்பம்பட்டு நிலையத்தருகே, தம் மகளின் மதிப்பெண் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியேறச் செல்லும் ஒரு தந்தை, தாம் கொடுத்தது முழுவதும் தம் கைக்குத் திரும்பிவிட்டதென்று நம்பியே செல்கின்றார். அந்நம்பிக்கையை மெய்யாக்குவது நிரல் எழுதுவோர் கடமையாம்.